சந்தின் மேல் படுத்த முத்திரை

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே படத்தைப் பெரிதாக்குகிறார் அக்கா. நூற்றுப்பத்து வருடத்துக்கு முந்தைய நகர வரைபடம் அது. கிணறு, வீடு, ஒற்றையடிப் பாதை எதுவும் இல்லாத வெற்றிடமாகப் பார்த்துத்தான் எங்கள் ஆவணக் காப்பகத்தின் பெயரை மங்கலாக வைப்பார். அதுதான் வாட்டர்மார்க். பத்தொன்பது வருடமாக இதே வேலை. எங்களுக்கு அவர் முத்திரை அக்கா.

நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். இடது கையில் மவுஸ். வலது கையில் ஒரு பென்சில், தலை சொறிய. நல்ல இடம் அகப்பட்டுவிட்டால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். நகல் கொடுக்கும் முகப்பில் இருக்கிற என் டீ தளும்பும்.

இந்தக் கோப்புகள் வெறும் போட்டோ அல்ல. பூமியில் இது எந்த இடம் என்ற கணக்கும் படத்தோடு உள்ளேயே இருக்கும். புதிதாக வந்த மேலாளருக்கு அதெல்லாம் எதற்கு? "இதுக்கு ஒரு நாள் பூராவா?" என்று சாதாரண போட்டோ செயலியில் நாற்பது படங்களைத் திறந்து, முத்திரை போட்டு, அசலின் மேலேயே சேமித்துவிட்டுப் போனார். கணக்கு மொத்தமும் அழிந்து, இணைய வரைபடத்தில் நாற்பது ஊர்களும் நடுக்கடலில் போய் விழுந்தன. "ஊரையே கடல்ல தள்ளிட்டீங்களே சார்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கரையேற்றியவரும் அவர்தான். மனிதர் ஒரு நன்றி சொல்ல வேண்டுமே!

அதோடு விட்டாரா? யாரோ நம் வரைபடத்தைத் திருடி நாள்காட்டியில் போட்டுவிட்டார்களாம். உடனே உத்தரவு: முத்திரை இனி நட்டநடுவில், பெரிதாக, கறுப்பாக. திருடியவன் ஒருவன், தண்டனை நகல் கேட்டு வருகிற எல்லோருக்கும். நன்றாயிருக்கிறது நியாயம்!

போன செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரப் பெண் வந்தார். அவர் வீட்டுக்குப் போகிற சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவு போட்டு அடைத்துவிட்டார். அங்கே சந்தே இருந்ததில்லையாம். இன்னொரு வழியில் பதினொரு படிகள். கணவருக்குச் சக்கர நாற்காலி. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போயாக வேண்டும். மறுநாள் நீதிமன்றத்தில் விசாரணை. நகலை எடுத்துக் கொடுத்தேன். சந்து இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் அலுவலகத்தின் பெயர் தடித்தடியாகப் படுத்துக்கிடந்தது. முத்திரை இல்லாத நகலை நீதிமன்றம் தொடாது.

"இதுக்கடியிலதாங்க எங்க வழி இருக்கு" என்றார் அந்தப் பெண், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அக்கா அந்தத் தாளோடு மேலாளர் அறைக்குள் போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

"சார், மூலைக்கு நகர்த்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"வரட்டுமே சார். அவங்க ஊர்தானே அதுல இருக்கு!"

"மாத்தினது யாருன்னு தெரிஞ்சா வேலை போயிடும். சொல்லிட்டேன்."

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் சிவந்திருந்தது. "இப்படிப் பக்கத்துல உட்காரும்மா. உன் சந்து எதுன்னு காட்டு" என்றார். முத்திரை படாத மூலக்கோப்பைத் திறந்தார். அந்தப் பெண் விரல் வைத்த இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, கீழ் ஓரத்து வெற்றுத்தாளில் காப்பகத்தின் பெயரை வைத்தார். சந்து இரண்டு மெல்லிய கோடுகளாக வாசல்வரை போனது.

சேமிக்கும்போது 'திருத்தியவர்' என்று ஒரு கட்டம் வரும். கட்டாயமில்லை என்பதால் நாங்கள் யாரும் அதை நிரப்புவதில்லை.

"அக்கா, அதைச் சும்மா விட்டுடுங்க" என்றேன், மேலாளர் அறைப் பக்கம் பார்த்தபடி.

அக்கா தன் முழுப்பெயரைத் தலைப்பெழுத்தோடு தட்டினார். கொஞ்சம் யோசித்து, பணி எண்ணையும் சேர்த்தார்.