அணைக்காத வண்டிகள்

மேலூர் ரோட்டில் ஒரு பஸ் கம்பெனி செட்டில் காலையில் வண்டி கூட்டுகிற வேலை பார்த்தேன். எழுபத்தேழு, எழுபத்தெட்டு வாக்கில் இருக்கும். ஒன்பது பஸ்கள். மேலூர் போவது, அலங்காநல்லூர் போவது, நாகமலை புதுக்கோட்டைக்குக் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு. பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருசம் இருந்ததில் ஒட்டாத எழுத்தெல்லாம் அந்தப் போர்டுகளைத் துடைத்துத் துடைத்துத்தான் எனக்கு ஒட்டியது. அதை யாரிடமும் மறைத்ததில்லை.

அந்த செட்டில் ஒரு பழக்கம் இருந்தது. விடியக்காலையில் ஒன்பது வண்டிக்கும் சேர்த்துச் சூடம் காட்டுவார்கள். ஸ்டார்ட் ஆகி நிற்கிற வண்டியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு முழம் முன்னால் எடுத்து நசுக்கி நிறுத்துவார்கள். அப்படி எடுத்த வண்டியை முதல் நடை முடிகிற வரைக்கும் அணைக்கக் கூடாது. அணைத்தால் சாமிக் குற்றம். முதல் வண்டி கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகும். கடைசி வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரமும் ஒன்பதும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். தகரக் கூரை போட்ட செட்டு. புகை போக வழியில்லை. நான் அதற்குள்தான் சீட்டுக்குச் சீட்டு குனிந்து கூட்ட வேண்டும்.

டிரைவர்கள் வெளியே டீக்கடையில் நிற்பார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

இருமல் வந்தது. முதலில் சளி என்று நினைத்தேன். மூக்கைச் சிந்தினால் கரி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பீடி குடிப்பியாம்மா?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் ஆம்பிளைகூடத் தொட்டதில்லை. அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒன்று தீர்மானம் பண்ணினேன். ஓடுகிற வண்டியை இனிமேல் கூட்ட மாட்டேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை. அந்த வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தாலும் கூட்டுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலையில் அலங்காநல்லூர் வண்டி டிரைவரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நல்ல மனுசர்தான், ஆனால் வாய் நீளம்.

"அண்ணே, கொஞ்சம் அமத்துங்க. கூட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"ஏ புள்ள, சூடம் காட்டுன வண்டிய அமத்தச் சொல்ற? காலங்காத்தால என்ன பேச்சு பேசுற நீயி?"

"நெஞ்சு எரியுதுண்ணே."

"பொகை இல்லாம வண்டியா? பொகை கக்குனாத்தான் இழுவை இருக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டுக் கூட்டு போ."

"நீங்க பொகை மேல அம்புட்டுப் பிரியமா இருந்தா உள்ள வந்து ஒக்காருங்க. நான் கூட்டி முடிக்கிறவரைக்கும் ஒக்காருங்க, பாப்போம்."

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கிளாஸை வைத்துவிட்டு, "வேலையப் பாரு" என்றார்.

பார்த்தேன். வண்டியில் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் இன்ஜின் நிற்கும். தினமும் துடைக்கிறவளுக்குத் தெரியாதா? இழுத்தேன். நின்றது.

அவர் ஓடி வந்தார். என்னைக் கையால் விலக்கிவிட்டுச் சாவியைப் போட்டார். ஒரு முனகல். மறுபடி போட்டார். அந்த முனகலும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"பாத்தியா? பாத்தியா? சாமிய நிறுத்திட்டா. பாவி!"

எல்லாரும் கூடிவிட்டார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு யோசனை வந்தது. பக்கத்தில் மேலூர் வண்டி நின்றது. விறுவிறுவென்று அதில் ஏறி அந்தக் குமிழையும் இழுத்தேன். அதுவும் நின்றது. அதையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்கள். அதே முனகல்.

"ஏண்ணே, ரெண்டு வண்டிச் சாமிக்கும் ஒரே நேரத்துல கோவம் வருமா? இன்னொண்ணையும் அமத்திப் பாக்கட்டா?"

வண்டி ரிப்பேர் பார்க்கிற செட்டு மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியும். எனக்கும் அந்த நிமிசம் விளங்கிவிட்டது. பேட்டரி செத்துக் கிடக்கிறது. ராத்திரி நிறுத்திய வண்டிகளை விடியக்காலையில், நான் வருவதற்கு முன்னால், ஆட்களை வைத்துத் தள்ளித்தான் ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். தள்ளிக் கிளப்பியதை அணைத்தால் திரும்பத் தள்ள வேண்டும். அதற்குத்தான் சாமி.

முதலாளி வருவதற்குள் ரெண்டு வண்டியையும் ரோட்டில் தள்ளிக் கிளப்பினார்கள். கேட்டு வாசலில் ஏறக் காத்திருந்த ஜனமும் சேர்ந்து தள்ளியது. நேரம் தப்பியது. முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார்.

"அந்த டிரைவர்கிட்ட மன்னிப்பு கேளு. சாமிக்கு ஒரு தேங்கா ஒடைச்சிரு. இத்தோட முடிஞ்சுது."

"பேட்டரிக்கு எதுக்குத் தேங்கா மொதலாளி?"

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். "என்னய்யா சொல்றா இவ?"

மேஸ்திரி துணியைக் கீழே வைத்தார். "பேட்டரி எல்லாம் போயிருச்சு மொதலாளி. போன தீவாளிக்கே சொன்னேன். ஓடுதுல்ல, ஓடட்டும்னீங்க."

முதலாளிக்கு ஆட்கள் முன்னால் அது பெரிய அடி. அடி வாங்கிய மனுசன் யாரிடம் திருப்புவார்? என்னிடம்.

"மன்னிப்புக் கேட்டாத்தான் வேலை."

"கூட்ட வந்தவ நான். கூட்டுறேன். மன்னிப்பு எதுக்குன்னு சொல்லுங்க, கேக்குறேன்."

"அப்ப நாளைக்கு வராத."

வந்தேன். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே விளக்குமாற்றோடு உட்கார்ந்தேன். நாலு நாள் அப்படித்தான். வீட்டில் புருசன், "போதும்டி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்றார். "நீங்க போய்ச் சொல்லுங்க, உங்களுக்கு வேலை குடுப்பாக" என்றேன். நாலு நாளும் வண்டிகள் கூட்டாமலேயே கிளம்பின. காலேஜ் பிள்ளைகள் சீட்டில் கிடந்த வேர்க்கடலைத் தோலை ஜன்னல் வழியாக என் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். கேட்டுக்கு வெளியே வந்து விழுந்தது என் வேலை இல்லை என்று நானும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு வண்டியில் புதுப் பேட்டரிகள் வந்து இறங்கின. மத்தியானம் மேஸ்திரி கேட்டுக்கு வந்தார்.

"உள்ள வாத்தா. மொதலாளி வரச் சொல்லலை. வரவேண்டாம்னும் சொல்லலை."

அதற்குமேல் முதலாளியிடம் எதிர்பார்க்கக் கூடாது. நானும் கேட்கவில்லை.

பேட்டரி மாற்றியதோடு மேஸ்திரி புகை குறைய ஒவ்வொரு வண்டியாக டீசல் பம்பையும் சரிபார்த்தார். இழுவை போய்விடும் என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். போகவில்லை. கறுப்பாய் வந்த புகை வெளுத்தது. கிளம்புகிற நேரத்துக்குத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், சூடமும் எலுமிச்சம்பழமும் அப்போது கேட்டு வாசலில் என்று முதலாளி சொல்லிவிட்டார். தானே யோசித்துக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும். இப்போது பேரப்பிள்ளைகள் சுற்றுச்சூழல் என்று புத்தகத்தில் படிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தை தெரியாது. மூக்கில் வந்த கரி தெரியும்.

முதல் நாள் அப்படிச் செட்டு அமைதியாக இருந்தபோது அலங்காநல்லூர் வண்டியில் ஏறினேன். கூரைத் தகரத்தில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. அத்தனை வருசம் அங்கே புறா இருந்தது எனக்குத் தெரியாது. டிரைவர் கையில் எலுமிச்சம்பழத்தோடு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். மேலே ஏறவில்லை. சாவியைப் போடவில்லை.

"எடுக்கலாமா புள்ள? நேரமாகுது."

"பின் சீட்டு பாக்கி இருக்குண்ணே. நில்லுங்க."

நின்றார். நான் அவசரப்படவில்லை. மூலையில் கிடந்த கடைசித் தோல் வரைக்கும் கூட்டி அள்ளிவிட்டுத்தான் இறங்கினேன்.