செக்கிங் அக்கா சொன்ன லூப்

தொண்ணூறுகளில், பனியன் கம்பெனி ஆட்களுக்கு கம்ப்யூட்டர் கற்பிப்பது பற்றி ஆராய்ச்சி செய்தேன். திருப்பூரில் என் ஞாயிறு வகுப்பைப் பார்க்க என் ஆராய்ச்சி வழிகாட்டிப் பேராசிரியர் வந்திருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆராய்ச்சியே அம்பேல். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'லூப்' பாடத்தைத் தொடங்கினேன். கரண்ட் போனது. திரையோடு என் மூளையும் இருண்டது.

முன்வரிசையில், தைத்து வரும் பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்யும் அக்கா இருந்தார். கழுத்தில் எப்போதும் கத்தரி தொங்கும். யார் சட்டையில் நூல் பிசிறு தெரிந்தாலும் கேட்காமலே வெட்டிவிடுவார்.

"ஏனுங்க சார், இதுக்குப் போயி இப்படி வேர்க்குது? தையல் விட்ட பீஸை டெய்லர்கிட்டத் திருப்பி அனுப்பறமுங்க. சரியாகற வரைக்கும் அனுப்பறம். லூப்புன்னா அதானுங்களே?"

"அதேதானுங்க!" என்று கத்திவிட்டேன்.

பேராசிரியர் கிடுக்கிப்பிடி போட்டார்: "சரியாகவே ஆகலைன்னா?"

"மூணு தடவைதானுங்க. அப்புறம் தேறாத பீஸுன்னு செகண்ட்ஸ் குவியல்ல வீசிருவமுங்க."

லூப்பை எப்போது நிறுத்துவது என்பதையும் அக்காவே சொல்லிவிட்டார்! பேராசிரியர் சிரித்தபடி குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

ஆய்வேட்டில் மாணவர் பெயர் எழுதக்கூடாது என்பதால் அதில் அக்கா 'ஏழாம் எண்'. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரின் சட்டைக்கைப் பிசிறை வெட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கத்தரியை எடுக்காமலே போய்விட்டார். நான் தேறிவிட்டேனா, செகண்ட்ஸ் குவியலுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.