ஊதச் சொல்லாத வாய்

சாராயக் கடைகள் திறப்பதற்கு ஒரு வருஷம் முந்தைய கதை இது. மதுவிலக்கு அமலில் இருந்தது. சைக்கிளில் போனாலும் நடந்து போனாலும், குடித்திருந்தால் குற்றம். போலீஸ்காரர் வாயை ஊதச் சொல்வார். வாடை அடித்தால் ஸ்டேஷன்தான்.

நான் மயிலாப்பூரில் குடியிருந்த குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அடையாறில் சக ஊழியர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய அண்ணன் ரம் கொண்டுவந்திருந்தார். மூன்று தம்ளர் குடித்தேன். "கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போங்க" என்றார்கள். நிதானமாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே உடனே சைக்கிளை எடுத்தேன்.

மந்தைவெளி வரை வந்துவிட்டேன். எதிரே ஒருவர் சைக்கிளின் பின்னால் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு ஓரமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரைத் தெளிவாகப் பார்த்தேன். விலகத்தான் நினைத்தேன்; ஹேண்டில்பார் நேராக அவர் பக்கம் போயிற்று. இருவரும் விழுந்தோம். தார் ரோடெங்கும் மீன்.

மர நிழலில் நின்றிருந்த போலீஸ்காரர் ஓடிவந்தார். முதலில் என்னைத்தான் தூக்கிவிட்டார். என்னுடையது வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பிறகு மீன்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா, பகல்லயே ஊத்திக்கினியா?"

"சத்தியமா இல்ல சார். ஓரமாத்தான் போய்க்கினு இருந்தேன். அவுருதான் வந்து இடிச்சாரு."

"வாயை ஊது."

அவர் ஊதினார். போலீஸ்காரர் முகத்தைச் சுளித்தார். "மீன் நாத்தத்துல என்ன தெரியும்? நட ஸ்டேஷனுக்கு."

என் உதட்டில் லேசாகக் கீறியிருந்தது. கைக்குட்டையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டேன். "பேசக்கூட முடியல பாரு, பாவம்" என்றார் போலீஸ்காரர்.

மீனைப் பொறுக்கிக்கொண்டே மீன்காரர் என் காலருகே வந்தார். நிமிர்ந்தார். அவருக்கு வாடை தெரிந்துவிட்டது. ஆனால் அதை உரக்கச் சொல்லவில்லை.

"நைனா, நீயே சொல்லு. நானா வந்து இடிச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கைக்குட்டையை எடுக்கவில்லை. கோணிப்போன சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர் போலீஸ்காரரோடு நடந்தார். மீன்களில் பாதி ரோட்டிலேயே கிடந்தன.

வீட்டில் மனைவி உதட்டைத் துடைத்துவிட வந்தவள் சட்டென்று விலகிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். "அந்த மனுஷன் என்ன ஆனார்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதே போலீஸ்காரர் நாற்காலி போட்டார்.

"அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம் சார். குடிக்கலைன்னு டாக்டர் எழுதிட்டாரு. விடுவேனா? சைக்கிள்ல லைட் இல்லன்னு கேஸ் போட்டுட்டேன்."

மோதியது மத்தியானம் மூன்று மணிக்கு. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்காக வந்தேன் என்று அவர் கேட்டபோது, "சும்மா, விசாரிச்சுட்டுப் போகலாம்னு" என்றேன். என் சைக்கிளிலும் லைட் கிடையாது.

ஒரு மாதம் கழித்துப் பட்டினப்பாக்கம் குப்பத்தில் அந்த மீன்காரரைத் தேடிப் பிடித்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான், அன்றைக்குக் குடித்திருந்தேன் என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "அத அந்தப் போலீஸ்காரன் கைல சொல்லியிருக்கணும். என் கைல சொல்லி இன்னா ஆவப்போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்திருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.