மாமியார் கட்டா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல இடம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. ஆனால் இப்போது எழுதப்போவது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம்தான் அப்பா சொந்தமாக வண்டி வாங்கினார். அதுவரை அடுத்தவருடைய டெம்போவை ஓட்டிக்கொண்டிருந்தவர். வாங்கியது பழைய வண்டிதான், ஆனால் பெரியது. நடுவில் நீள சீட்டு, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஏறுவதற்குப் படி. தாராவியில் எங்கள் சந்துக்குள் அது நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அப்பா வீட்டுக்கு நடந்து வருவார்.

முன்னால் அதை வைத்திருந்தவர் ஒரு கல்யாணப் பந்தல்காரர். ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் ஏற்றுவதற்காக, பின் அச்சின்மேல் வில்போல வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டிருந்தார். அப்பாவுக்கு அந்த இரண்டு பட்டைகளில்தான் பெருமை. காலையில் பட்டறைகளிலிருந்து தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார். எவ்வளவு ஏற்றினாலும் வண்டி சளைக்காது. இறக்கிய பிறகுதான் வினை. பாரம் இல்லையென்றால் அதற்கு நிதானமே கிடையாது. சின்னக் கல்லில் ஏறினாலும் ஆளைத் தூக்கிப் போடும். கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று பேசும்.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். செம்பூரில் கயிறு நழுவி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இடது கால் சொன்னபடி கேட்காமல் வீட்டில் படுத்திருந்தார். தேவ்நார் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மழைக்காலம் முடியும்வரை விடாமல் வந்தால் நடந்துவிடலாம், இடையில் விட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற முடியாத மாமாவுக்கு எங்கள் வண்டிதான் கதி.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூடப் போவேன். அம்மா அந்த நேரத்தில் மாட்டுங்காவில் வீட்டு வேலையில் இருப்பாள். ஆஸ்பத்திரியில் எந்தக் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. மாமாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்பா பின்னால் வர, நான் முன்னால் போவேன். அந்த நடையே தனி.

ஆனால் நான் ஆசையாகப் போனதற்குக் காரணம் மாமாதான். மும்பையில் ரோட்டுக் குழியைக் கட்டா என்போம். வண்டி சயானைத் தாண்டியதும் மாமா ஒவ்வொரு கட்டாவையும் ஒரு ஸ்டேஷனாக்கி, லோக்கல் ரயிலில் ஒலிக்கும் பெண் குரலிலேயே அறிவிக்க ஆரம்பிப்பார். “அக்லா கட்டா, மாமியார். நெக்ஸ்ட் கட்டா, மாமியார்.” சுனாபட்டி திருப்பத்தில் இருந்த பெரிய குழிக்குத்தான் அந்தப் பெயர். ஒங்களுக்குத்தான் கல்யாணமே ஆவலையே என்று நான் கேட்டேன். “ரோட்டுலயாவது ஒரு மாமியா இருந்துட்டுப் போட்டும் மருமவளே” என்றார்.

திலக் நகர் பக்கம் அடுத்தடுத்து வரும் இரண்டு வேகத்தடைக்கு இரட்டைப் பிள்ளை என்று பெயர். யாரோ தோண்டி மூடாமல் போன நீளப் பள்ளத்துக்கு மந்திரி. வண்டி குழிக்குள் இறங்கும் நேரம் பார்த்து மாமா உச்சக் குரலில் ‘ஏஏஏய்’ என்று ஒரு கூவல் கூவுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சில நாள் கூவாமல் துண்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை உருட்டுவார். அதற்கு இன்னும் சிரிப்பேன். இறங்கும்போது அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். இவ்வளவு கத்தினால் வேர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன். மறுநாள் வகுப்பில் மாமா மாதிரியே அறிவித்துக் காட்டுவேன். அந்த மழைக்காலத்தில் எனக்கு நிறைய சிநேகிதிகள்.

அப்பா அவர் பங்குக்குச் சத்தத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கதவிடுக்குகளில் சொருகினார். டயரில் காற்றைக் குறைத்தார். ஷாக் அப்சர்பரை மாற்றினார். ஒரு நாள் என்னைப் பெஞ்சுக்கு அடியில் படுக்கவைத்து, ஓட்டிக்கொண்டே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எல்லா இடத்திலிருந்தும் என்றேன். சரியான பதில்தான். கடைசியில் வண்டி கொஞ்சம் வாயை மூடியது. தூக்கிப் போடுவதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் மந்திரியில் இறங்கியபோது, ஜன்னலுக்கு மேல் மாமா பிடித்திருந்த கைப்பிடி ஸ்குரூவோடு பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மாமா ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு அதைக் காதில் வைத்துக்கொண்டார்.

“ஹலோ, மந்திரியா பேசுதிய? ஒங்க வாசல்லதான் நிக்கோம்.”

எனக்கு மூச்சு முட்டியது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கைப்பிடி பதிந்து சிவந்திருந்த மாமாவின் உள்ளங்கையைப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. வண்டிக்கு ஏதாவது ஆனால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மீதித் தூரத்தை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஏசிக்கொண்டே போனார்கள்.

அடுத்த முறை புறப்படும்போது மாமா வரவில்லை என்றார். மழையாக இருக்கிறதாம். அதற்கடுத்த முறை வேறு காரணம். “அந்த நர்சம்மா எப்பப் பாத்தாலும் ஏன் கல்யாணம் பண்ணலன்னு கேக்கா அத்தான். எனக்கு வெக்கமா இருக்கு.” அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். ஒரு காலில் நின்றே பெயின்ட் அடித்துக்கொள்வேன் என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார் மாமா. அவள் சிரிக்கவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வண்டி சுமந்த தோல் கட்டுகள்தான் எங்கள் சோறு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு குர்லாவில் ஒரு காரேஜுக்குப் போனார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, பாரம் ஏற்றவா, ஆள் ஏற்றவா என்று இந்தியில் கேட்டார். கூடுதல் பட்டை இரண்டையும் எடுத்துவிட்டால் வண்டி மெத்தை மாதிரி போகும், ஆனால் தோல் கட்டை மறந்துவிட வேண்டும் என்றார். அப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டே நின்றார். மெக்கானிக் கையைத் துடைத்துவிட்டு வேறு வண்டிக்குப் போகத் திரும்பியபோது, “நிகால் தோ” என்றார். எடுத்துவிடு.

எனக்கு அப்பாவைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. கூலியும் கொடுத்து, நல்ல இரும்பையும் கழற்றிப் போடச் சொல்கிறாரே, ஏமாந்துவிட்டாரே என்று. அன்று சாயங்காலமே அவர் பட்டறைக்குப் போய், வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்து ஸ்டேஷன் சவாரிக்குப் போனார். அம்மா இன்னொரு வீட்டில் வேலை பிடித்தாள்.

“வண்டிய சரி பண்ணிட்டேன் மாப்ள” என்று மாமாவிடம் சொன்னார். “சும்மா சயான் வரைக்கும் வந்து பாரு. பிடிக்கலன்னா திரும்பிருவோம்.”

மாமா வந்தார். சயான் வந்தது, போனது. அவர் வாயைத் திறக்கவில்லை. சுனாபட்டி திருப்பத்தில் வண்டி மெல்ல இறங்கி மெல்ல ஏறியது, தண்ணீரில் போகிற மாதிரி. நான் அறிவிப்புக்காகக் காத்திருந்து ஏமாந்தேன். மாமாவின் கை சீட்டின்மேல் விரிந்து கிடந்தது. அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அப்பா ரோட்டை விட அதிகமாகக் கண்ணாடியில் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திலக் நகர் நெருங்கியதும் நான் பொறுக்க முடியாமல் மாமாவை முழங்கையால் இடித்து, இரட்டைப் பிள்ளை வரப்போவதை ஞாபகப்படுத்தினேன். பாதிக் கண்ணைத் திறந்தார்.

“அக்லா கட்டா...” என்று எனக்காக ஆரம்பித்தார். பெயரைச் சொல்வதற்குள் தூங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஒரு பயிற்சி நாளையும் மாமா விடவில்லை. ஏறுவார், தூங்குவார், இறங்குவார். மழை ஓயும் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சந்துமுனை வரை நடந்தார். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. வகுப்பில் சொல்ல என்னிடம் புதிதாக ஒரு கட்டாகூட இல்லை. அதுதான் பெரிதாக இருந்தது.

சந்துமுனை வரை மாமா நடந்த அன்று, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தபடி கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“வண்டி கெட்டுப்போச்சுப்பா. மாமா இப்பல்லாம் வெளாடவே மாட்டேங்காவ. அந்த இரும்ப மறுபடி போடச் சொல்லுங்க.”

அப்பா என்னையே பார்த்தார். “சரிட்டி” என்றார் கடைசியில். “கேட்டுப் பாக்கேன்.”

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. என் உச்சந்தலை நனைந்தது. எங்களோடு அந்த வண்டியில் அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. இருந்தும் அந்த விளையாட்டு போனதில் அவளுக்கு இவ்வளவு வருத்தம். வீட்டில் ஒருத்தியாவது என் பக்கம் இருக்கிறாளே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.