சாயக்காரி சண்டையை நிறுத்தினாள்

சமையலறையில் தட்டு விழுந்தது. உருண்டு, சுற்றி, ஓய்ந்தது. அது ஓய்ந்ததும் இன்னொன்று விழுந்தது.

வேறொரு நாளாயிருந்தால் சாயக்காரி வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இன்றோ முன்னறையில் துணி மடித்தபடியே, "பரவால்ல அண்ணி, நான் வந்து எடுத்து வெக்கிறேன்" என்றாள்.

அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் மூன்றாவது தட்டு தயாராக இருந்தது.

"வேணும்னேதான் போட்டேன். ரெண்டு நாளா நீ என்கூட சண்டையே போடல. நேத்து பாலைத் தீய விட்டேன், அதையும் நல்லாருக்குன்னு குடிச்சே. உண்மையைச் சொல்லு. எனக்கு இன்னும் எத்தனை நாளு?"

சாயக்காரி மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சாயக்காரி என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவளே அண்ணிதான். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் நாத்தனாருக்குக் காலம் காலமாக ஒரே வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்ற வேண்டும். புற்றுக்கட்டிக்குள் எல்லா செல்லும் ஒரே ரகமல்ல. சில மட்டும் கோரைக்கிழங்கு மாதிரி. மேலே புல்லை அறுத்தாலும் அடியிலிருந்து முளைக்கும். ஸ்டெம் செல் என்பார்கள். அவற்றின் மேல் மார்க்கர் என்றொரு அடையாளம் ஒட்டியிருக்கும். சாயம் அதைப் பிடித்தால் பழுப்பாகத் தெரியும். பழுப்பு கூடக் கூட, கட்டி வளருமோ, பரவுமோ என்று டாக்டர்களின் புருவம் சுருங்கும்.

அண்ணன் கண்ணை மூடியபின் இந்த இருவருக்கும் ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. விளக்கை யார் அணைக்கவில்லை என்று காலையில் தொடங்கும் சண்டை, தூக்கம் வந்தால்தான் நிற்கும். அண்ணியின் மார்பிலிருந்த கட்டியை முன்பே எடுத்தாயிற்று. இப்போது அக்குளில் இன்னொன்று. அதிலிருந்து கிள்ளியெடுத்த சதை சாயக்காரியின் கூடத்துக்கே வந்தது.

சொந்தக்காரர் சதையைத் தொடக்கூடாது என்பது கூடத்து விதி. சாயக்காரி தொடவில்லை, ஆனால் தட்டில் காயவைத்திருந்த அண்ணியின் கண்ணாடித் துண்டைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி முழுக்க ஒரே பழுப்பு. அப்போதே லீவு சொல்லிவிட்டு, போனை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான்.

"வேர் ஓடிடுச்சு அண்ணி," என்று அவள் தோளில் விழுந்து கதறினாள். "எங்கே பார்த்தாலும் பழுப்பு."

அண்ணி அழவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள். "சீ, எழுந்திரு. போறவ நானு, ஒப்பாரி உனக்கா?"

அந்நேரம் அழைப்பு மணி அடித்தது. மைக்ரோஸ்கோப் பார்க்கும் டாக்டர், சின்னப் பெண், மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு நின்றாள்.

"போனை ஏன்க்கா அணைச்சீங்க? அந்த ஸ்லைடைப் பார்த்துட்டு ஓடினீங்களாமே. நோயாளி சதைக்குப் பக்கத்துல, ஒத்துப் பார்க்க மார்க்கரே இல்லாத துண்டு ஒண்ணு ஒட்டுவோமே, அது என்ன நிறத்துல இருந்துச்சு?"

சாயக்காரி யோசித்தாள். அழுகை பாதியில் நின்றது.

"அதுவும்... பழுப்பு."

"சாயம் ஏத்துற பெட்டியை மூடாம விட்டுட்டாங்க. மருந்து காஞ்சு, ஏறக்கூடாததுலயும் சாயம் ஏறிடுச்சு. வேற யாரோடதா இருந்தா நீங்களே தூக்கிக் குப்பையில போட்டிருப்பீங்க."

ஊரார் ஸ்லைடில் கடுகளவு குறையைக் கண்டுபிடிக்கிற கண்தான். அண்ணி என்றதும் அது கண்ணாயிருக்கவில்லை, குளமாகிவிட்டது.

"மறுபடி சாயம் போட்டோம். பழுப்பு அங்கொண்ணு இங்கொண்ணுதான். கட்டி திரும்பினது நிஜம். மார்க்கரை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணிட மாட்டோம். ஆனா ஸ்கேன்லயும் வேற எங்கேயும் பரவல. எடுத்துட்டு மருந்து குடுத்தா அடங்கும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். நாளைக்கு அவரைப் பாருங்க."

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு நாத்தனாரை முறைத்தாள்.

"அப்போ ரெண்டு நாளா என்னைக் கொன்னது நோயில்ல. உன் நல்ல குணம்."

"நாளைக்கு நானும் கூட வரேன்."

"நீ வராதே. அழுது கூட்டம் சேர்ப்பே."

"வருவேன். வலியே இல்லன்னு டாக்டர்கிட்ட புளுகுவீங்க, எனக்குத் தெரியாதா?"

"புளுகுறது யாரு, நானா? உங்க அண்ணன்கிட்ட உன்னைப் பத்தி நல்லவள்னு சொன்னேனே, அது ஒண்ணுதான் நான் புளுகினது."

சாயக்காரி இடுப்பில் கைவைத்தாள். குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. அண்ணியின் முகமும் அதோடு சேர்ந்து மலர்ந்தது.

"நான் வரேன்க்கா," என்றாள் டாக்டர். இருவர் காதிலும் விழவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, கதவைத் தானே சாத்திவிட்டுப் போனாள்.