மூச்சு வாங்காமல் ஏறிய படிகள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். அண்ணன் என்னை எழுதச் சொன்னார். மகள் பகலில் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா காலமான பிறகு, பீங்கான் பட்டறையில் வேலை செய்துதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அச்சில் மண்கரைசலை ஊற்றி, இறுகியதும் பொம்மையை உடையாமல் எடுப்பது அவருடைய வேலை. கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் யாரும் காரணம் தேடுவதில்லை. “மண்ணு தூசிதாங்க” என்பார்கள். வேலையை விட்ட பிறகும் அம்மாவுக்கு அது நிற்கவில்லை. “உள்ள போன தூசி எங்க போவும்?” என்பார். நாங்களும் நம்பினோம்.

என் மகள் பிறந்தபோது அவள் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்ற அம்மாவைப் பார்த்த டாக்டர்தான், “நீங்களும் படுங்கம்மா, ஒரு ஸ்கேன் பாத்துடலாம்” என்றார். இதயத்தின் நடுச்சுவரில் பிறவியிலேயே துளை. அம்மா அப்போது அறுபதைக் கடந்திருந்தார்.

“பொறந்ததுலேருந்தா? பாவம், மண்ணப் போயி திட்டிகிட்டு இருந்தமே!” என்று அம்மா சிரித்தார். நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. “இத்தினி வருஷம் இருந்துது. இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டும்டி.”

மூச்சு சீராகும், ஆனால் காலம் கடந்துவிட்டதால் ஏற்கெனவே வந்துவிட்ட இதயத் துடிப்புக் கோளாறு நீடிக்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். நான்தான் வற்புறுத்தினேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து ரயில் நிலைய மேம்பாலத்தில், முன்பெல்லாம் பாதியில் கம்பியைப் பிடித்து நிற்கும் அம்மா, நிற்காமல் ஏறினார். குழந்தையோடும் பையோடும் நான் பின்தங்கினேன். மேலே நின்று கேட்டார்: “என்னாடி மூச்சு வாங்குது? நீ எந்தப் பட்டறையில வேல பாத்த?”

அடுத்த மழைக்காலத்தில் அந்தத் துடிப்புக் கோளாறே பக்கவாதமாக வந்து அம்மாவைக் கொண்டுபோனது. ஆபரேஷன் வேண்டாமென்று விட்டிருக்கலாமா, முன்பே பார்த்திருக்க வேண்டுமா? மகளுக்குச் சோறூட்டும்போதும் இதே நினைப்பு. யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். மேம்பாலம் ஒன்றுதான் ஆறுதல்.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த, அம்மாவின் பட்டறைத் தோழிகளின் பிள்ளைகளுக்கும், கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் நன்றி. உங்களில் யாருக்காவது மூச்சு வாங்கினால், தூசி என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை போய்க் காட்டுங்கள். துணைக்கு ஆளில்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன்.