மீன் கோயிலின் முன்வாசல்

தீவின் கடற்கரையில் எங்கள் அலுவலகம் கட்டிய மீன் காட்சிச்சாலையின் முகப்பு வரைபடத்தை மையில் நகலெடுத்தவள் நான். நடுவில் குவிமாடம், அதன் கீழ் வளைவு வாசல், இரு பக்கமும் தூண்கள். உள்ளே இருட்டு, சுவரில் பதித்த கண்ணாடித் தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். மீன் பார்க்க இத்தனை எதற்கு என்று கேட்டவர்களுக்கு வெள்ளைக்கார இன்ஜினியர் துரையின் பதில் ஒன்றுதான்: வாசலைப் பார்த்ததும் உள்ளே போகத் தோன்ற வேண்டும்.

தோன்றியது. தைப்பூசத்துக்கு கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ரப்பர் தோட்டத்து ஜனங்கள், கோயிலுக்குப் போன கையோடு இங்கேயும் வந்தார்கள். குவிமாடத்தையும் தூண்களையும் பார்த்துச் செருப்பை வாசலில் கழற்றினார்கள். ஆமைத் தொட்டி முன்னால் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'மீன் கோயில்' என்ற பெயர் அக்கரையில் சுங்கை பாக்காப் ஊர் வரை போய்விட்டது. பிறகு ஞாயிறுதோறும் படியில் செருப்புக் குவியல்.

துரைக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்குப் பின்பக்கம், பம்பு அறையை ஒட்டித் தனி வாசல் வைக்கச் சொன்னார். எங்கள் தலைமைப் படவரைவாளர் தாளை என் மேசையில் விரித்தார்.

"தங்கச்சி, சாயங்காலத்துக்குள்ள போட்டுக் கொடுத்துடு. சின்ன வாசல்தான்."

"முடியாதுண்ணே."

"ஏன், கை வலியா?"

"கை நல்லா இருக்கு. ஒண்ணு, பம்பு அறைத் தரை எப்பவும் ஈரம், வழுக்கும். ரெண்டு, அந்த வழியா வந்தா கடைசித் தொட்டிதான் முதல்ல வரும். மூணு, கோயில் மாதிரி கட்டினது நாம. செருப்பைக் கழட்டினது அவங்க தப்பா?"

"துரைகிட்ட சொல்லிப் பாரு லா. நாளைக்கு உன் ஸ்டூல்ல வேற ஆள் உக்காந்திருக்கும்."

சொன்னேன். முகப்பு மண்டபத்துச் சுவரில் செருப்பு வைக்கக் கல்தட்டு போடலாம் என்று நானே வரைந்து காட்டினேன். துரை அதைத் தொடக்கூட இல்லை. பின்வாசலை அவரே வரைந்தார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த வாசல் திறந்த முதல் ஞாயிறு, நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்படிக்குப் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தோட்டத்து அக்காவைக் காவலாளி பின்பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க போட்டுக்கிட்டே போகலாம்மா," என்றான் என் டவுன் உடையைப் பார்த்து.

"அவங்ககிட்டயும் இதே டிக்கெட்தான் இருக்கு. பின்வாசல்னு எதுல எழுதியிருக்கு?"

டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

"வாங்கக்கா," என்றேன்.

"எதுக்கு வம்பு, தங்கச்சி?"

"வம்பு என்னோட இருக்கட்டும். நீங்க மீனைப் பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, பிள்ளையோடு எனக்கு முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் பின்பக்கம் போகவில்லை.